மலைக்கு இடப்பக்கம்

"முடிஞ்சுது. கையெழுத்துப் போட்டுடவா?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

கேன்வாஸின் வலது பாதியில்தான் படம் இருந்தது. கருநீல மலை, அதன் அடியில் இரண்டு மரம், ஓரத்தை ஒட்டி ஓடும் ஆறு. இடது பாதி வெள்ளை வெளேரென்று கிடந்தது. பக்கவாதம் வந்ததிலிருந்து இவருக்கு இடப்பக்கம் என்று ஒன்று உலகத்திலேயே கிடையாது. கண்ணில் கோளாறில்லை, மூளைதான் அந்தப் பக்கத்தைச் சட்டை செய்வதில்லை என்றார் டாக்டர். தட்டில் வலப்பக்கம் இருப்பதைத் தின்றுவிட்டு, இன்னும் போடு என்பார். நான் தட்டைத் திருப்பி வைப்பேன். சொல்லிப் புரியவைக்கப் பார்த்தேன், சண்டைதான் மிச்சம். அலுத்துப்போய் விட்டுவிட்டேன்.

"காயட்டும். கையெழுத்து அப்புறம் போடலாம்," என்றேன்.

மதியம் அவர் தூங்கப் போனதும் தூரிகையை நான் எடுத்தேன். இத்தனை வருஷமாய் அவருக்கு வண்ணம் குழைத்ததும் தூரிகை கழுவியதும் நான்தான். படத்தில் ஒரு புள்ளி வைக்க விட்டதில்லை மனுஷன். "உனக்கெதுக்கு இந்த வேலை" என்பதோடு சரி. எனக்கோ இடுப்பு விட்டுப்போயிருந்தது, துவைக்கிற துணி குவிந்து கிடந்தது. இதில் படம் கேட்ட விடுதிக்காரர் வேறு நாளைக்கு வருகிறேன் என்றிருந்தார்.

கனமெல்லாம் ஒரே பக்கம் இருந்ததால் படம் சாய்ந்து நின்றது. இந்தப் பக்கமும் ஒரு மலையை வைத்தால் தராசு மாதிரி ஆகிவிடும். அதனால் தாழ்ந்த வயல், தூரத்தில் வெளிறிய தண்ணீர், ஓரமாய் வெயில் விழுந்த ஒரு சின்ன வெள்ளை வீடு. மலையின் நீலத்தை எடுத்து, துளி ஆரஞ்சு கலந்து அடக்கி, வரப்போரங்களில் அங்கங்கே தொட்டேன். இல்லாவிட்டால் இரண்டு பாதியும் பேச்சுவார்த்தையில்லாத சம்பந்திகள் மாதிரி முறைத்துக்கொண்டு நிற்கும். முடித்துவிட்டுப் பார்த்தேன். நன்றாக இருந்தது. நிஜமாகவே நன்றாக இருந்தது. இதை இவர் ஒரே ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று அப்படியொரு ஆசை வந்தது எனக்கு. எங்கே பார்க்கப் போகிறார் என்று நினைத்ததும் அழுகையே வந்துவிட்டது.

எழுந்து வந்தவர் படத்தின் முன் உட்கார்ந்து மலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தலைகீழா திருப்பு," என்றார்.

நிறங்கள் சரியாகச் சேர்ந்திருக்கின்றனவா என்று பார்க்க அவர் எப்போதும் செய்வதுதான் அது. தலைகீழாக்கினால் மலை மலையாகத் தெரியாது, நிறம் மட்டும்தான் தெரியும். இருந்த அலுப்பில் யோசிக்காமல் திருப்பி வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் உறைத்தது, என் பாதி இப்போது அவருக்கு வலப்பக்கம்.

அவர் குனிந்து வயலைக் கிட்டத்தில் பார்த்தார்.

"இது என் கை இல்லியே. யாருது?"

"என்னுது. திட்டுறதுன்னா திட்டிடுங்க."

"நீலத்தை நல்லா அடக்கியிருக்க." அவர் விரல் வரப்போரமாய்ப் போய் அந்த வீட்டில் நின்றது. பிறகு முகம் மாறியது. "என் மலை எங்கடி?"

"இருக்குங்க. இதோ, இந்தப் பக்கம்."

"ஒண்ணுமே இல்லியே," என்றார். அப்படியொரு குரலை நான் அவரிடம் கேட்டதே இல்லை. டாக்டர் சொல்லி நம்பாதது, நான் சொல்லி நம்பாதது, இப்போதுதான் அவருக்குப் புரிந்தது. ஐயோ பாவம் என்றிருந்தது. படத்தை நேராக்கிவிடலாம் என்று கை வைத்தேன்.

அவர் நல்ல கையால் சட்டத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"இரு. உன்னுது இன்னும் பாத்து முடியல."