எல்லோருக்கும் பத்து மணி

மடங்காத முழங்காலையெல்லாம் மடக்கிவிடும் பிசியோதெரபிஸ்ட் அவள். ஆனால் 'முடியாது' என்ற ஒரு சொல்லுக்கு மட்டும் அவள் நாக்கு வளையாது. யார் போன் செய்தாலும், "நாளைக்குப் பத்து மணிக்கு வாங்களேன்" என்பாள். மறுநாள் நான்கு நாற்காலிக்கு ஏழு பேர் வந்து நிற்பார்கள். நிற்க முடியாதவர்களை நிற்கவைத்தே வைத்தியம் பார்க்கும் மகராசி தான் ஒருத்திதான் என்று தன்னையே நொந்துகொள்வாள்.

பேருந்துகளுக்கு நேர அட்டவணை போடும் வேலையிலிருந்த நாத்தனார், விடுப்பில் வந்தவள், இந்தக் கூத்தைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அண்ணி, இனிமே போனை நான் எடுக்கறேன்."

புதிதாக வருபவருக்கு ஒரு மணி நேரம், பழையவருக்கு அரை மணி. நடுவில் விரிப்பு மாற்ற, தண்ணீர் குடிக்க இடைவெளி. பேச்சை நிறுத்தாத வாத்தியாரை மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் போட்டாள். பசித்தால் அவரே எழுந்துவிடுவார். கூட்டம் கரைந்தது. எல்லாம் தன் யோசனை போலவே அண்ணிக்காரி ஊரெல்லாம் பெருமை அளந்தாள்.

ஆனால் அந்த இடைவெளி இவளைக் குடைந்தது. சும்மா உட்காரத் தெரியவில்லை. பக்கத்துக் கறிக்கடைக்காரர் தோளைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்ததும், "வாங்க, ரெண்டு நிமிஷந்தானே" என்று உள்ளே கூப்பிட்டுவிட்டாள். அவர் தோளோ கல்லாய் இறுகிக் கிடந்தது. அன்றைக்கு எல்லார் நேரமும் தள்ளிப்போனது.

நாத்தனார் திட்டவில்லை. "வெளிய காத்துட்டிருக்காங்க. நீங்களே போய்ச் சொல்லுங்க."

இவள் போய் நின்றாள். "தப்பு என் மேலதான். எனக்கு முடியாதுன்னு சொல்ல வராது."

"அது எங்களுக்குத் தெரியாதாம்மா?" என்றார் முழங்கால் வலிக்காரம்மா. "உங்க நாத்தனார் சாப்பிடப் போற நேரம் பார்த்துத்தானே நாங்க போன் பண்றோம்."

கழுத்துப் பட்டைக்காரர் தலையாட்ட முடியாமல், "ஆமா" என்றார்.

நாத்தனார் மெல்லத் திரும்பிப் பார்த்தாள். இவளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

சாயங்காலம் கணவன் வந்து, "முதுகு பிடிச்சிருக்கு, கொஞ்சம் அமுக்கி விடேன்" என்றான்.

நாத்தனார் அங்கேயேதான் இருந்தாள். இவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள். "இன்னைக்கு முடியாது. புதன்கிழமை வாங்க."

வாழ்க்கையில் முதன்முதலாக ஓர் ஆளைத் திருப்பி அனுப்பியிருக்கிறாள், அதுவும் கட்டின புருஷனை. பெருமை தாங்கவில்லை.

சாப்பாடு முடிவதற்குள் மனசு கேட்கவில்லை. அறைக் கதவைச் சாத்திவிட்டு அவன் முதுகை அமுக்கத் தொடங்கினாள்.

"கொஞ்சம் மெதுவா முனகுங்க" என்றாள். "உங்க தங்கச்சி காதுல விழுந்துடப் போகுது."