வேலி யாருக்குச் சொந்தம்?

அண்ணன் தம்பி இருவரின் பூசணித் தோட்டங்களுக்கு நடுவே ஒரு வேலி இருந்தது. முள்ளும் கொடியும் காட்டுப்பூவுமாக மண்டி ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. பாகம் பிரித்த நாளிலிருந்து அதில் யாரும் கத்தி வைக்கவில்லை. அது தம்பியுடையது என்று அண்ணன் நினைத்தார், அண்ணனுடையது என்று தம்பி நினைத்தார். கேட்டால் மனஸ்தாபம் வருமோ என்று இருவரும் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பயத்தின் தயவில்தான் தேனீக்கள் அங்கே குடும்பம் நடத்தின.

இதைக் கண்டுபிடித்தவள் ஓர் ஆராய்ச்சிக்காரி. அந்த வட்டாரத்து மண், தண்ணீர், பூச்சிகளோடு மனிதர்களின் உறவுகளையும் சேர்த்துப் படிக்க வந்தவள். ஓயாமல் கேட்டுக்கொண்டே இருப்பாள் என்பதால் எல்லோருக்கும் அவள் 'கேள்வியம்மா'. தனித்தனியாகப் பேசியதிலேயே அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது. அதோடு விட்டிருக்கலாம். ஆய்வு என்றால் இருவரையும் எதிரெதிரே வைத்துச் சரிபார்க்க வேண்டுமாம்! கூட்டம் போட்டு, எல்லோர் முன்னாலும் கேட்டாள்: "இந்த வேலி யாருக்குச் சொந்தம்?"

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான். நிலம் அளப்பவர் வந்து கோடு போட்டார். ஆளுக்குப் பாதி என்றானது. இயந்திரம் வந்து ஒரே நாளில் வேலியை வழித்துப் போட்டது. அந்த இடத்திலும் பூசணி நட்டார்கள். அவளுடைய கட்டுரைக்கோ பாராட்டுக்கு மேல் பாராட்டு.

அடுத்த பருவத்தில் ஒரு காலை அவள் வந்தபோது, அண்ணனின் மனைவி தோட்டத்திலிருந்து ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வாங்கம்மா! உங்க புண்ணியத்துல ரெண்டு பேரும் இப்போ மனசு விட்டுப் பேசிக்கிறாங்க. ஆனா பாருங்க, பூவா பூத்துக் கொட்டுது, ஒரு காய் நிக்கல. விதைக்காரன் ஏமாத்திட்டான்னு சண்டைக்குக் கிளம்பிட்டாங்க."

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். கேள்வியம்மாவுக்குக் குறுகுறுக்கவில்லை, எரிந்தது. அண்ணனும் தம்பியும் அருகில் வந்ததும் சொல்லிவிட்டாள்.

"விதை மேல தப்பில்லைங்க. தேனீ வந்தாத்தான் காய் பிடிக்கும். அது வேலியில இருந்துச்சு. வேலி என்னாலதான் போச்சு. நீங்க ரெண்டு பேரும் ஏன் கேக்காம இருந்தீங்கன்னு எனக்கு முன்னாடியே தெரியும். தெரிஞ்சும் கேட்டேன்."

தம்பி சிரித்தார். "வெட்டினது நாங்க, நீங்க ஏம்மா மூஞ்சியத் தொங்கப் போடறீங்க? திரும்ப வெச்சுட்டாப் போச்சு. அண்ணன் ஓரமா கொஞ்சம் இடம் விட்டார்னா..."

"ஏன், நீ விட மாட்டியா?" என்றார் அண்ணன்.

"அளந்து வாங்கின இடம்ணே."

"எனக்கு மட்டும் என்ன அளக்காமலா குடுத்தாங்க?"

ஆளுக்கொரு பக்கமாக நடந்துவிட்டார்கள்.

"வேற வழியே இல்லையாம்மா?" என்று கேட்டாள் அண்ணனின் மனைவி.

கேள்வியம்மா ஓர் ஆண் பூவைப் பறித்து இதழ்களைக் கிள்ளி எறிந்தாள். அதன் மகரந்தத்தை, அடியில் பிஞ்சு வைத்திருந்த பெண் பூவில் தடவிக் காட்டினாள்.

"எல்லாப் பூவுக்குமா?"

"ஆமாக்கா."

"தினமுமா?"

"தினமும். வெயில் ஏறினா பூ மூடிக்கும்."

அண்ணனின் மனைவி தோட்டத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒருமுறை பார்த்தாள். பிறகு ஒரு பூவைப் பறித்துக்கொண்டு குனிந்தாள். கேள்வியம்மாவும் பக்கத்திலேயே குனிந்தாள்.

"விடுங்கம்மா" என்றாள் அவள், நிமிராமலே. "நீங்க எத்தனை நாளைக்குச் செய்வீங்க?"