உள்மூச்சில் ஒரு ஆமாம்

ஆல்தேயா இறந்து முதல் பனிக்காலம். ரிமூஸ்கி ஊரில் ஆற்றின் மேல் உறைபனி வெள்ளை வெளேரென்று பரந்து கிடந்தது. நொர்மான் தன் அலுவலக மேசையில் காதுக்கருவியை மாட்டிக்கொண்டு ஒரு தாதியோடு பேசிக்கொண்டிருந்தார். மணிலாவிலிருந்து வந்தவள். முகம் தெரியாது, குரல் மட்டும்தான். “மருத்துவமனை வேலை பிடிச்சிருக்கா?” என்று கேட்டார். அந்தப் பக்கம் மூச்சை உள்ளே இழுக்கிற சத்தத்தோடு ஒரு “ஆமாம்” வந்தது. நொர்மானின் கை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டது.

நாமெல்லாம் பேசும்போது மூச்சை வெளியேதானே விடுகிறோம்? மக்தலேன் தீவுக்காரர்கள் சிலர் ஆமாம் என்பதை மட்டும் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டே சொல்வார்கள். அருகில் யாரோ ரகசியம் சொல்கிற மாதிரி கேட்கும். ஆல்தேயா அந்தத் தீவுக்காரி. முதன்முதலில் ஒரு கல்யாண விருந்தில், “ஆட வர்றியா?” என்று நொர்மான் கேட்டபோது அவள் அப்படித்தான் சொன்னாள். “என்ன ஆச்சு, காலை மிதிச்சிட்டேனா?” என்று, அவள் வலியில் மூச்சிழுத்ததாக நினைத்துப் பதறினார். “இன்னும் ஆடவே ஆரம்பிக்கலியே கெழவா, அதுக்குள்ளயா?” என்றாள். அப்போது அவருக்கு இருபத்தைந்து வயதுதான். அன்றிலிருந்து கடைசிவரை அவர் கெழவாதான்.

நொர்மான் மாகாணக் குடியேற்றத் துறையில் பேச்சுத் தேர்வு எடுப்பவர். வெளிநாட்டிலிருந்து வந்து இங்கேயே தங்க நினைப்பவர்களுக்கு பிரெஞ்சு பேச வருமா என்று தொலைபேசியில் பேசிப் பார்த்து மதிப்பெண் போடவேண்டும். பேச்சு முழுக்கப் பதிவாகும். அதை இன்னொருவர் கேட்டுச் சரிபார்ப்பார். பேசுகிறவர் எங்கே படித்தார், யாரிடம் படித்தார் என்ற விவரம் எதுவும் இந்த இருவருக்கும் தரமாட்டார்கள்.

ஆல்தேயாவோ அதே துறைக்காக, தேவாலயத்தின் கீழ்த்தளத்தில், குடியேற வந்தவர்களுக்கெல்லாம் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தவள். குரலோடு சேர்த்து மூச்சும் அவர்களுக்குத் தொற்றியிருக்கும். இது நொர்மானுக்குத் தெரியாதா? தெரியும். மனசின் ஒரு மூலையில் அந்தப் பதில் உட்கார்ந்துதான் இருந்தது. அவர்தான் அந்தப் பக்கம் போகவில்லை. போனால் அது வெறும் பழக்கம் ஆகிவிடும். போகாதவரை அது அவள்.

அப்புறம் ஒரு மொல்தோவாக்காரத் தச்சரின் கனத்த குரலுக்கு நடுவில் அவள் வந்தாள். பிறகு ஒரு நேபாளத்துப் பெண்ணிடம் வந்தாள். எப்போது வருவாள் என்று தெரியாது. நொர்மான் காத்திருக்கப் பழகினார். பழகினது மட்டுமா, அவளை அழைக்கவும் ஆரம்பித்தார்.

ஆமாம், இல்லை என்று ஒரே வார்த்தையில் பதில் வருகிற கேள்வியைத் தேர்வில் கேட்கக்கூடாது. அதில் பேச்சுத்திறன் தெரியாது. சேர்ந்த முதல் நாளே சொல்லிக்கொடுக்கிற பாடம் இது. நொர்மான் அந்தக் கேள்விகளைத்தான் தேடித் தேடிக் கேட்டார். குளிர் பழகிடுச்சா? பட்டாணி சூப் சாப்பிட்டீங்களா? ஆற்றைப் பார்த்தீங்களா? ஒவ்வொரு கேள்வியும் இருட்டறைக் கதவை ஒருமுறை தட்டிப் பார்ப்பதுபோல.

யோர்லெனியின் தேர்வில் அவர் அளவு மீறிப்போனார். கொலம்பியாவிலிருந்து வந்தவள், முதியோர் இல்லத்தில் வேலை. அவளிடம் அந்த மூச்சு அச்சு அசலாக இருந்தது. நொர்மான் கேட்டுக்கொண்டே போனார், அவள் ஆமாம் சொல்லிக்கொண்டே போனாள்.

மறுநாள் பதிவைச் சரிபார்த்த மரியேவ், காதுக்கருவியைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு அவர் மேசைக்கு வந்தாள். மொன்றியாலிலிருந்து மாற்றலாகி வந்த பெண். வாய் கொஞ்சம் நீளம், வேலையில் சுத்தம்.

“நொர்மான், என்ன கேள்வி இதெல்லாம்? பட்டாணி சூப் பிடிச்சிருக்கான்னு ஓட்டல்காரன்கூட இத்தனை தடவை கேக்கமாட்டான்.”

“பேச்சு வரட்டுமேன்னு கேட்டேன்.”

“பேச்சு எங்க வந்துச்சு? ஆமாம்தான் வந்துச்சு. அதுவும் அவ சொல்லலை.” மரியேவ் குரலைத் தாழ்த்தினாள். “அந்த அறையில இன்னொரு பொம்பளை இருக்கா. காதோரமா சொல்லிக்கொடுக்கறா. கேளுங்க.”

கேட்டார். யோர்லெனியின் குரல். பிறகு அந்தக் கிசுகிசுப்பு. மறுபடி யோர்லெனி.

“கேக்குதா? வேற ஆள்தானே?”

நொர்மான் காதுக்கருவியைக் காதோடு அழுத்திக்கொண்டார். அவருக்கு மட்டும் கேட்டதை இன்று இன்னொருத்தியும் கேட்டுவிட்டாள். அவரே வாய்விட்டுச் சொல்லத் துணியாததை அவள் பளிச்சென்று சொல்லிவிட்டாள்.

“கேக்குது,” என்றார்.

“அப்போ தேர்வு ரத்து. பாவந்தான், என்ன பண்றது? அவ இங்க தங்கற அனுமதி இந்த மாசக் கடைசியோட முடியுதாம். இது போச்சுன்னா அவ கிளம்பவேண்டியதுதான். நாளைக்கு மத்தியானம் ரத்துன்னு எழுதி அனுப்பிடறேன்.”

நொர்மான் கோட்டை மாட்டிக்கொண்டார். சந்தோஷமாக வீட்டுக்குப் போனார், அதைத்தான் சொல்லக் கஷ்டமாக இருக்கிறது. சூப்பைச் சுடவைத்து எதிர் நாற்காலியைப் பார்த்து, “உன்னை அந்தப் பொண்ணும் கேட்டுட்டா,” என்றார். அவள் போனதிலிருந்து வீட்டில் பதில் வந்ததே இல்லை.

கரண்டியை வாய்க்குக் கொண்டுபோனபோது யோர்லெனி தேர்வின் தொடக்கத்தில் சொன்ன ஒன்று நினைவுக்கு வந்தது. ‘எங்க இல்லத்துல ஒரு தாத்தா இருக்கார். சாப்பாடு குடுத்தா வாயே திறக்கமாட்டார். முதல்ல நான் ஆன்னு வாயைத் திறக்கணும். அப்புறந்தான் அவர் திறப்பார்.’ அழகான பேச்சு அது, நல்ல மதிப்பெண்ணுக்கு உரியது. அதன்பிறகு அவள் என்னென்ன சொன்னாள் என்று யோசித்துப் பார்த்தார். ஒன்றும் நினைவில்லை. இவர் காதைத் தீட்டிக்கொண்டு இன்னொருத்திக்காகக் காத்திருந்தார். உயிரோடு ஒருத்தி தன் பிழைப்புக்காகப் பேசிக்கொண்டிருந்ததை அவர் கேட்கவே இல்லை.

கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்பதும் அவருக்குத் தெரியும். குடும்பத்தார் சொல்லிக்கொடுத்த மாணவர்களைத் தேர்வாளர் சோதிக்கக்கூடாது. சொல்லிவிட்டால், ஆல்தேயாவிடம் படித்த யாரும் இனி அவர் காதுக்கு வரமாட்டார்கள். அவளும் வரமாட்டாள்.

காலையில் மரியேவ் பனிக் காலணியைக் கழற்றுவதற்குள் அவள்முன் போய் நின்றார்.

“அந்த அறையில யாரும் இல்லம்மா. அது அந்தப் பொண்ணோட மூச்சுதான். எங்க வீட்டுக்காரி அப்படித்தான் ஆமாம் சொல்லுவா. அவகிட்ட படிச்ச பொண்ணாத்தான் இருக்கணும்.”

மரியேவ் ஒற்றைக் காலில் நின்றபடியே அவரைப் பார்த்தாள்.

“நேத்து கேக்குதுன்னு சொன்னீங்களே!”

“கேட்டுச்சு. அதான் சொன்னேன்.”

“எனக்கு ஒண்ணும் புரியல நொர்மான். மூச்சை உள்ள இழுத்துட்டு எப்படிப் பேசறது? எங்க ஊர்ல மூச்சு வாங்கினா ஆம்புலன்ஸைக் கூப்பிடுவாங்க.” சிரிக்கப் பார்த்தாள், அவர் முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டாள். “அவளை நேர்ல வரச்சொல்றேன். என் கண்ணால பாக்கணும். அப்புறம்... விதி தெரியுமில்ல?”

“தெரியும்.”

“ஆல்தேயாகிட்ட படிச்சவங்க எல்லாரும் இனி எனக்குத்தான் வருவாங்க.”

“தெரியும்மா.”

மத்தியானம் யோர்லெனி வந்தாள். சின்ன உருவம், இரவல் கோட்டு, கை முழுக்கக் கிருமிநாசினி வாசனை. பதிவுக்கருவி ஓட, மரியேவ் முறைப்படி கேட்டாள். வேலையைப் பற்றிச் சொல்லுங்க, வந்த கதையைச் சொல்லுங்க. யோர்லெனி பயந்து பயந்து, தட்டுத்தடுமாறிச் சொன்னாள். அந்த மூச்சு மட்டும் வரவே இல்லை. முறையான கேள்விக்கு அது எப்படி வரும்?

“இல்லியே நொர்மான்,” என்றாள் மரியேவ் மெல்ல.

“நான் கேக்கணும். என் மாதிரி கேள்வி.”

“கேளுங்க.”

நொர்மான் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். மரியேவ் யோர்லெனியின் உதடுகளையே பார்த்தாள். அவரோ கண்களை இறுக மூடிக்கொண்டார். உதடு அசைவதைப் பார்க்கிற வேலை மரியேவுடையதாக இருக்கட்டும்.

“ஆல்தேயா டீச்சர் உங்களுக்கு நல்லா சொல்லிக்கொடுத்தாங்களா?”

அறையில் காற்று உள்ளே போயிற்று. காதுக்கருவி இல்லை, கம்பி இல்லை, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் அவள் ஆமாம் என்றாள்.

மரியேவ் நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். “இவதான்,” என்றாள் பிறகு. “இவ மட்டுந்தான். வேற யாரும் இல்ல.”

“நான் என்ன பண்ணிட்டேன் மேடம்?” யோர்லெனி பாதி எழுந்துவிட்டாள்.

“ஒண்ணும் பண்ணலம்மா. தேர்வு செல்லும். நல்லாத்தான் பேசறீங்க.”

பதிவுக்கருவி நிற்கிற சத்தம் கேட்டது. நொர்மான் கண்ணைத் திறக்கவில்லை. கேட்கவேண்டியதெல்லாம் கேட்டு முடிந்தாயிற்று. இனி ஒரு கேள்விக்கும் அவசியமில்லை.

“அந்தக் கீழ்த்தளத்துல குளிருமில்ல? டீச்சர் கால்ல கம்பளிக் காலுறை போட்டிருந்தாங்களா?” என்று கேட்டார்.

மரியேவ் தடுக்கவில்லை. எழுந்து சத்தமில்லாமல் ஜன்னல் பக்கம் போய், ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.