சத்தம் போட்ட நட்டு

என் அப்பாவும் மச்சானும் பேசிக்கொள்வதில்லை. அக்கா புருஷனான மச்சான், அப்பாவின் அலுமினிய டூல் பெட்டி மேல் ஸ்கூட்டரை ஏற்றிய நாளிலிருந்து இந்த நிம்மதி. பெட்டியின் மூலை வாயைப் பிளந்துவிட்டது. அப்பா தையல் மெஷின் மெக்கானிக். அந்தப் பெட்டிதான் அவருடைய ஆபீஸ். மச்சான் மன்னிப்புக் கேட்கிற ஆள் இல்லை, பற்றவைத்துக் கொடுக்கிற ஆள். பற்றவைக்கத் தெரியாது என்பதை அவர் ஒரு குறையாக எடுத்துக்கொள்ளவில்லை.

வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகைக்கு வெல்டிங்குக்காக ஒரு ஆக்ஸிஜன் சிலிண்டரும் ஒரு அசிட்டிலீன் சிலிண்டரும் குடிவந்தன. அக்கா துணி காயப்போடும் கொடியைப் பேசாமல் முன்பக்கம் மாற்றிக்கொண்டாள்.

மச்சான் வீடியோ பார்த்துப் படித்தார். அலுமினியத் தகட்டில் முதலில் புகைச் சுடரால் கரி பூச வேண்டும். பிறகு சூடு காட்டும்போது கரி மறைந்தால் உருகப்போகிறது, உஷார். மற்றபடி அந்த உலோகம் எதையும் காட்டிக்கொடுக்காது.

"இரும்புன்னா செவந்து சொல்லும், தம்பி. இது மூஞ்சி மாறாம அப்படியே இருக்கும். திடீர்னு தொப்புனு விழுந்துரும்."

"எங்கப்பா மாதிரி."

அவர் சிரிக்கவில்லை. காலடியில் ஓட்டை விழுந்த தகடுகள் குவிந்திருந்தன.

கொட்டகைக்கு ஒரே ஒரு சட்டம். அதை அக்காவிடம் சொல்லியனுப்பினார்: "ஆக்ஸிஜன் பக்கம் ஒரு சொட்டு எண்ணெய் வரக்கூடாது. பட்டுச்சுன்னா, வால்வைத் தெறக்குறப்ப வெடிச்சுரும். எல்லார்கிட்டயும் சொல்லிரு."

எங்கள் வீட்டுச் செய்திகள் எல்லாம் அக்கா வழியாகத்தான் போகும். அவள் காரத்தைக் குறைத்துத்தான் அனுப்புவாள்.

"அப்பா, கொட்டகைப் பக்கம் போகாதீங்க."

"யார் சொன்னா?"

"நான்தான்பா சொல்றேன்."

அந்த வாக்கியத்தில் எண்ணெய் இல்லை.

அப்பாவைப் பொறுத்தவரை உலகத்தில் ஒரே ஒரு நோய்தான் உண்டு: வறட்சி. கதவு, குழாய், ஸ்டூல், பக்கத்து வீட்டு கேட் என்று கீச்சிட்ட எல்லாவற்றுக்கும் அவர் சட்டைப்பையில் மருந்தாக ஒரு எண்ணெய்க் குப்பி இருந்தது. என் சைக்கிளில் பிரேக் தவிர எல்லாமே நன்றாக ஓடியதற்கும் அதுதான் காரணம்.

ஞாயிற்றுக்கிழமை காலை, சாப்பிட்டுக்கொண்டே மச்சான் சுவரைப் பார்த்துச் சொன்னார்: "அந்த ஆக்ஸிஜன் சிலிண்டர் ரெகுலேட்டர் நட்டு கத்திக் கொல்லுது. திரும்பவே மாட்டேங்குது." சுவர் பதில் சொல்லவில்லை. பக்கத்து நாற்காலியில் அப்பா தட்டை வழித்துக்கொண்டிருந்தார்.

மத்தியானம் மச்சான் டூல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குப் போனார். இன்று நிஜ வேலை. கொஞ்ச நேரத்தில் அவர் குரல் கேட்டது.

"ஏய், இங்க வந்து பாரு. வெண்ணெய் மாதிரி திரும்புது."

அக்கா சிரித்துக்கொண்டே போனாள். என் எதிரில் அப்பாவும் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை, பார்க்கச் சகிக்கவில்லை.

"நான்தான்டா. அவன் கடைக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள ரெண்டு சொட்டு விட்டேன். சொல்லித் தொலைச்சுராத. பாவம், ரொம்பக் கஷ்டப்படுறான்."

"எதுக்குப்பா விட்டீங்க?"

"நட்டுக்கு."

"ஆக்ஸிஜன்ல எண்ணெய் பட்டா வெடிக்கும்பா."

அப்பாவின் முகம் மாறவில்லை. அலுமினியம். அடுத்த நொடி நாற்காலி காலியாக இருந்தது. அவர் ஓடுவார் என்றே எனக்குத் தெரியாது.

நான் போய்ச் சேர்ந்தபோது மச்சானின் கை ஆக்ஸிஜன் சிலிண்டரின் வால்வுச் சாவியில் இருந்தது. கறுப்புக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றியிருந்தார். அக்கா சிலிண்டரில் சாய்ந்து நின்றிருந்தாள்.

"மாப்ள, கைய எடுங்க."

மச்சான் கையை எடுத்தார். ஆபத்து புரிந்து எடுக்கவில்லை. மாமனார் பேசிவிட்ட அதிர்ச்சியில் எடுத்தார். அப்பா நட்டைக் காட்டினார். மச்சான் அதை விரலால் தடவி, விரலை வெளிச்சத்தில் பிடித்தார். பளபளத்தது.

மச்சான் அக்காவின் கையைப் பிடித்து மெதுவாகத் தன் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"மாமா," என்றார், ரொம்ப மரியாதையாக. "இங்க மட்டும்தானே விட்டீங்க?"

அப்பா மீட்டரைப் பார்த்தார். ரப்பர் குழாயைப் பார்த்தார். வெல்டிங் டார்ச்சைப் பார்த்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து குப்பியை எடுத்துக் கவிழ்த்து ஆட்டிப் பார்த்தார். காலையில்தான் நிரப்பியிருந்தார்.

ஒரு சொட்டின் சத்தம்கூட வரவில்லை.