பச்சைத் தகரம்

பகலில் அந்த வீட்டில் தையல் மெஷின் ஓடாது. புருஷனுக்கு மில்லில் ராத்திரி ஷிப்ட். அவன் எழுந்திருக்கும்வரை தையல்காரி வாசலில் உட்கார்ந்து பட்டன் தைத்துக்கொண்டிருப்பாள். போன வாரம் தறி முன்னால் நின்றபடியே அவன் கண்ணயர்ந்துவிட்டான். இன்னொரு தடவை அப்படி நடந்தால் வேலை போகும். வேலை போனால் மில் கொடுத்த இந்த லைன் வீடும் போகும்.

லைன் பெண்கள் தண்ணீர் பிடிக்கும் நேரம், மில் மேஸ்திரி கையகலத் தகரம் இரண்டோடு குழாயடிக்கு வந்தார். ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை.

"ஓடு ஒழுகுதுன்னு எத்தனை தடவை எழுதிப் போட்டீங்க. கம்பெனி மனசு இறங்கிடுச்சு. புதுக் கூரைக்கு என்ன கலர்னு நீங்களே சொல்லிடுங்க."

"ஓடே புதுசா போட்டுக் குடுங்கண்ணே," என்றாள் தையல்காரி. "பகல்ல தூங்குற மனுஷன். தகரத்துக்குக் கீழ எப்படித் தூங்குவாரு?"

"ஓடுங்கிற பேச்சே இல்லம்மா. கலரு மட்டும்தான் உங்க இஷ்டம்."

அவள் மறுபடி வாயைத் திறப்பதற்குள் எதிர்வீட்டுக்காரி சிவப்புத் துண்டைப் பிடுங்கிக்கொண்டாள். சிவப்புதான் லட்சணமாம். பச்சைதான் குளிர்ச்சி என்றாள் டிரைவர் பெண்டாட்டி. அவ்வளவுதான், குழாயடி இரண்டு கட்சியானது. ஓடு கேட்டதையே எல்லாரும் மறந்துபோனார்கள்.

குளிர்ச்சி என்ற சொல் தையல்காரியைப் பிடித்துக்கொண்டது. இரண்டு துண்டையும் வெயிலில் வைத்துத் தொட்டுப் பார்த்தாள். இரண்டும் சுட்டன. பச்சை ஒரு மயிரிழை குறைவாகச் சுட்டதுபோல் இருந்தது. அப்படி இருக்கவேண்டும் என்று அவளுக்கு ஆசை. வீடு வீடாக ஏறி இறங்கினாள். பேச்சுவார்த்தை இல்லாத நாத்தனாரிடம்கூடப் போய்க் கெஞ்சினாள். பச்சை ஜெயித்தது. மேஸ்திரி அவள் கையில் பச்சைத் துண்டைக் கொடுத்து போட்டோ எடுத்தார். பல் தெரியச் சிரித்தாள்.

கூரை மாறிய மறுநாளே மேஸ்திரியைப் போய்ப் பிடித்தாள்.

"உள்ள அனலாக் கொதிக்குதுண்ணே. ஏதாவது பண்ணுங்க."

"நான் என்னம்மா பண்றது? பச்சைதான் வேணும்னு ஒத்தக்கால்ல நின்னது நீங்கதானே?"

மில் கேட்டில் அந்த போட்டோ ஒட்டியிருந்தது. தொழிலாளர் விருப்பப்படியே புதிய கூரை என்று கீழே எழுதியிருந்தார்கள். புருஷன் தினமும் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போனான்.

மத்தியானம் தரையில் தண்ணீர் தெளித்து, பாயைச் சுருட்டி வைத்துவிட்டு, ஈரத்திலேயே படுத்திருந்தான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து விசிறினாள்.

"தூக்கம் வருதா?"

"ம். பச்சை பரவாயில்ல," என்றான், கண்ணைத் திறக்காமல்.

வெயிலில் தகரம் விரிந்து படக்கென்று அடித்தது. அவன் இமை துடித்தது. மறுபடி அடித்தது, மறுபடி துடித்தது. அவள் விசிறியை அடுத்த கைக்கு மாற்றிக்கொண்டாள்.