நானூற்றுப் பன்னிரண்டு எட்டு

அன்று காலை அவர் என்னிடம் கடைசியாகக் கேட்டது ஓர் ஊக்கு. காக்கிச் சட்டையில் மேலிருந்து இரண்டாவது பித்தான் முந்தின நாளே விழுந்திருந்தது. தைத்து வைக்கிறேன் என்று சொன்னவள் மறந்துவிட்டேன். வளையலில் கோத்திருந்த மூன்று ஊக்குகளில் ஒன்றைக் கழற்றிக் கொடுத்தேன்.

"பெரிய ஆளுங்கல்லாம் வாராங்க. பித்தான் இல்லாமப் போனா ஸ்ரீகுமார் சார் மூஞ்சியத் தூக்குவாரு" என்றார்.

"புலிக்குப் பித்தான் தெரியுமாக்கும்?"

"அதுக்கு இப்ப எதுதான் தெரியுது?" என்று சொல்லிக்கொண்டே சைக்கிளை எடுத்தார்.

1996 ஆகஸ்ட் மாதம் அது. என் கணவர் நேசையா கால்நடை மருந்தகத்தில் கம்பவுண்டராக இருந்தவர். ஐந்து வருஷங்களுக்கு முன் ஏதோ ஒரு வெளியூர் அறக்கட்டளை பாபநாசத்துக்கு இந்தப் பக்கம் மலையடிவாரத்தில் புலி வளர்ப்பு நிலையம் தொடங்கியபோது, புலிகளைப் பராமரிக்கும் வேலையில் சேர்ந்தார். நான் விக்கிரமசிங்கபுரத்தில் ஒரு மிஷன் தொடக்கப்பள்ளியில் ஐந்தாம் வகுப்பு டீச்சர். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

நிலையத்தின் வாசலில் 'காட்டு வேங்கை காட்டுக்கே' என்று பெரிய எழுத்தில் பலகை வைத்திருந்தார்கள். அழிந்துவரும் புலியைக் கூண்டில் பெருக்கி மலைக்குத் திருப்பி அனுப்புவதாகத் திட்டம். அவர் அதை அப்படியே நம்பினார். சேர்ந்த முதல் வாரத்திலேயே பின்பக்கக் கதவிலிருந்து காட்டின் முதல் மரம் வரைக்கும் நடந்து எண்ணிவிட்டு வந்து சொன்னார். "நானூத்திப் பன்னிரண்டு எட்டு, சாரா. அவ்வளவுதான் தூரம். குட்டிங்க வளந்ததும் கதவத் தொறந்தாப் போதும்."

மூடிப்போன ஒரு சர்க்கஸிலிருந்து வாங்கிவந்த ஜோடிதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். அண்ணனும் தங்கையும், ஒரே ஈற்றுக் குட்டிகள். இது தெரிந்ததும் அவர் இயக்குநர் ஸ்ரீகுமாரிடம் போய்ச் சொன்னார். எங்கள் பக்கத்து வீட்டுக் கோமு ஆடு வளர்ப்பவள். ஒரே கிடாயை மந்தையில் விட்டுவைத்தால் குட்டிகள் சோடை போகும் என்று இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கல்லிடைக்குறிச்சி ஆளிடம் கிடாயை மாற்றிக்கொள்வாள். அதைத்தான் சொன்னார். "ஆட்டுக்கே கிடா மாத்துதாங்க சார்."

"நேசையா, இது ஆடு இல்ல, புலி" என்றாராம் ஸ்ரீகுமார். "நமக்கு எண்ணிக்கைதான் முக்கியம்."

எண்ணிக்கைக்காக என்னென்ன செய்தார்கள் என்பதை நான் எழுதித்தான் ஆக வேண்டும். முதல் ஈற்றுக் குட்டிகளைப் பத்தாம் நாளே தாயிடமிருந்து எடுத்தார்கள். பால் வற்றினால் அது சீக்கிரம் மறுபடி பருவத்துக்கு வருமே, அதற்காக. அடுத்த ஈற்றில் அந்தத் தாய் குட்டிகளைத் திரும்பியே பார்க்கவில்லை. மூன்று குட்டிகள். இரண்டுக்கு மேலண்ணம் பிளந்திருந்தது. குடித்த பால் மூக்கு வழியாக வந்தது. இரண்டும் நான்காம் நாள் செத்தன. மூன்றாவதை அவர் ஒரு மீன்கூடையில் துண்டு விரித்து வீட்டுக்கே எடுத்து வந்துவிட்டார்.

ஆட்டுப்பால் கொண்டுவந்த கோமு கூடைக்குள் குனிந்து பார்த்தாள். "ஏ டீச்சரம்மா, என்ன இது? ஒரு கண்ணு பாவநாசத்தப் பாக்கு, இன்னொண்ணு அம்பாசமுத்திரத்தப் பாக்கு! ஒண்ணரைக் கண்ணாவுல்ல இருக்கு!"

அன்றிலிருந்து அதன் பெயர் ஒண்ணரை. நிலையத்துப் பதிவேட்டில் 'ஆண் 4'.

நாலரை மாதம் எங்கள் குளியலறையில் வளர்ந்தது. எங்கள் வீட்டில் ஜெபம் பண்ணாமல் யாரும் தட்டில் கை வைக்க முடியாது. என் அப்பா காலத்திலிருந்து வந்த பழக்கம். அந்த நாலு வரி ஜெபம்கூட அவர் சொல்லித் தந்ததுதான். ஒண்ணரை முதலில் தட்டு மேலேயே வந்து விழும். என் கணவர் அதன் நெற்றியில் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டு, "பொறுலே. ஆமென் சொல்லட்டும்" என்பார். ஒரு மாதத்தில் அது பழகிக்கொண்டது. ஜெபம் தொடங்கினால் உட்காரும், அசையாது. 'ஆமென்' என்றதும் ஒரே பாய்ச்சல்.

எங்களுக்கு அதில் ஒரே பெருமை. தெருவே வந்து பார்த்தது. "ஞாயித்துக்கெழம கோயிலுக்குக் கூட்டிட்டுப் போங்க, டீச்சர். சில மனுஷங்களவிட நல்லா உக்காரும்" என்று கோமு சிரித்தாள். நானும் சிரித்தேன். ஒரு புலிக்கு மனிதக் குரலைக் கேட்டால் சோறு என்று பழக்கிவிட்டோம் என்பது எனக்கும் உறைக்கவில்லை, அவருக்கும் உறைக்கவில்லை. இந்தத் தவறு எங்களுடையது, மறுக்கவில்லை. ஆனால் தாய் நக்கி வளர்க்க வேண்டிய குட்டியை ஒரு டீச்சர் வீட்டுக் குளியலறைக்குக் கொண்டுவந்து சேர்த்த தவறு யாருடையது?

கூண்டுக்குத் திரும்பிய பிறகும் அவர் அதற்குச் சோறு போடும்போது ஜெபம் சொல்லியே போட்டார். மற்ற புலிகளோடு அதற்கு ஒட்டவில்லை. மூன்றாம் வயதில் இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்தது. பகல் வெளிச்சத்தில் சுவரில் முட்டியது. அவர் குரலை வைத்துத்தான் அதன் நடமாட்டம்.

முப்பது நாளுக்குள் சாகும் குட்டிகளைப் பதிவேட்டில் ஏற்றக் கூடாது என்பது ஸ்ரீகுமாரின் உத்தரவு. என் கணவர் என்னிடமிருந்து ஒரு பழைய கோடுபோட்ட நோட்டை வாங்கி, செத்தவற்றைத் தனியாக எழுதிவந்தார். கால் கோணியது, அண்ணம் பிளந்தது, கண் திறக்காதது. நாலு வருஷத்தில் பிறந்தவை பத்தொன்பது. உயிரோடு இருந்தவை ஐந்து. 'வருஷத்துக்கு வருஷம் பெருகும் வேங்கைகள்' என்று அறக்கட்டளை வழுவழுப்பான தாளில் புத்தகம் போட்டது. அதன் அட்டையில் ஒண்ணரைதான், பக்கவாட்டில் பார்ப்பதுபோல, ஒரு கண் மட்டும் தெரியும்படி.

"விட்டுட்டு வந்துருங்க" என்று எத்தனையோ தடவை சொன்னேன்.

"நான் வந்துட்டா அதுக்கு யாரு ஜெபம் பண்ணுவா?" என்பார்.

ஆகஸ்டில் நன்கொடையாளர்கள் பார்க்க வருவதாக இருந்தது. அவர்கள் கண் முன்னால் ஒண்ணரையைப் பெண்புலியோடு சேர்த்து விடுவது என்று ஸ்ரீகுமார் முடிவு செய்தார். பெண்புலி அதே தாய்க்கு அடுத்த வருஷம் பிறந்தது. தகப்பனும் அதே தகப்பன். "அது தங்கச்சி சார். அதோட, இவனுக்குக் கண்ணு தெரியாது, புலி பாஷையும் தெரியாது. அவ அடிச்சிருவா" என்று இவர் சொல்லிப் பார்த்தார். பதிலாக வந்தது இன்னோர் உத்தரவு: விருந்தினர் வரும்போது புலி சுறுசுறுப்பாக இருக்க வேண்டும், ஆகவே இரண்டு நாள் இரை கிடையாது.

விழாவுக்குப் பள்ளிப் பிள்ளைகளும் வேண்டும் என்று எங்கள் பள்ளிக்குக் கடிதம் வந்தது. என் வகுப்புப் பிள்ளைகள் நாற்பத்திரண்டு பேரையும் கூட்டிப்போனேன். கம்பிவேலிக்கு முன்னால் ஜமுக்காளம் விரித்து உட்கார வைத்தார்கள். பேச்சு முடியவே பன்னிரண்டரை ஆகிவிட்டது. பிள்ளைகள் பசியில் இருந்தார்கள்.

ஒண்ணரை திறந்தவெளியில் நின்றது. பெண்புலியின் கூண்டுக்கதவைச் சங்கிலியால் மேலே தூக்கினான் கொம்பையா, என் கணவரோடு வேலை பார்த்தவன். அவள் வந்தாள். ஒண்ணரை மோப்பம் பிடித்து, தட்டை நோக்கிப் போவதுபோல நேராக அவளிடம் போனது. அடுத்த நிமிஷம் அவள் அதன் கழுத்தின் மேல் இருந்தாள். பிள்ளைகள் அலறினார்கள். "பிரிச்சு விடுங்க! பிரிச்சு விடுங்க!" என்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டு கத்தினார் ஸ்ரீகுமார்.

கொம்பையா குழாயால் தண்ணீரைப் பீய்ச்சிப் பெண்புலியைக் கூண்டுக்குள் தள்ளிவிட்டான். ஆனால் கதவை இறக்க முடியவில்லை. ஒண்ணரை கதவுக்கு நேர் கீழே விழுந்து கிடந்தது. அவள் உள்ளே உறுமிக்கொண்டிருந்தாள். தண்ணீர் நின்றால் திரும்ப வருவாள். அப்போது என் கணவர் பக்கத்துச் சின்னக் கதவைத் திறந்து உள்ளே போனார். ஆறு எட்டு வைத்து நின்று, ஜெபத்தைத் தொடங்கினார்.

ஒண்ணரை தலையைத் தூக்கியது. எழுந்தது. குரல் வந்த பக்கமாகத் தள்ளாடி நடந்து, அவருக்கு முன்னால் உட்கார்ந்தது. கொம்பையா கதவை இறக்கினான். விருந்தினர்கள் கை தட்டினார்கள். ஒருவர் படம் எடுத்தார்.

என் கணவர் பின்பக்கமாக எட்டு வைத்தார், பைய. ஒன்று. இரண்டு. ஜெபம் நாலே வரிதான். கடைசி வரி வந்ததும் ஆமென் சொல்லாமல் மறுபடியும் முதல் வரிக்குப் போனார். கையில் இரை வாளி இல்லை. அந்த ஒரு சொல்லைச் சொல்லாமலே கதவுக்கு வந்துவிட வேண்டும் என்பதுதான் அவர் கணக்கு. எனக்குப் புரிந்தது. அங்கே கூடியிருந்தவர்களில் அது புரிந்தது எனக்கு மட்டும்தான்.

அதே ஜெபத்தைத்தான் நான் தினமும் மத்தியானச் சோற்றுக்கு முன்னால் என் பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்பேன். திரும்பிப் பார்த்தேன். நாற்பத்திரண்டு பேரும் கை கூப்பியிருந்தார்கள். வேண்டாம் என்று வாயில் விரல் வைத்தேன். ஜெபத்தில் கண் திறக்கக் கூடாது என்று பழக்கியதும் நான்தான். என் விரலைப் பார்க்க ஒரு கண்ணும் திறந்திருக்கவில்லை. பக்கத்தில் இருந்த பிள்ளையின் வாயைப் பொத்தக் குனிந்தேன். அவர் இரண்டாம் தடவை நாலாவது வரியை முடித்து மூச்சு வாங்கினார்.

பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து, பள்ளியில் சொல்வதைப் போலவே சத்தமாக, "ஆமென்" என்றார்கள்.

அதற்கு மேல் நடந்ததை எழுத மாட்டேன். மாலையில் ஆஸ்பத்திரி வராந்தாவில் கொம்பையா என் காலடியில் உட்கார்ந்து அழுதான். "அது கொல்லணும்னு வரல, மைனி. சோத்துக்கு வந்துச்சு. அண்ணாச்சி கீழ விழுந்ததும் பக்கத்துல உக்காந்து மோந்து மோந்து பாத்துது, மைனி."

ஜெபம்தான் அவரைக் கொன்றது என்று ஊரில் சிலர் பேசினார்கள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஜெபமா இரண்டு நாள் பட்டினி போட்டது? ஜெபமா அண்ணன் தங்கையைச் சேர்த்துக் கண்ணில்லாத குட்டிகளைப் பிறப்பித்தது? மனிதனைத் தவிர வேறு எதையும் அறியாத ஒரு மிருகத்தை உண்டாக்கி, அதற்குப் புலி என்று பெயர் வைத்து, அதைக் காட்டுக்கு அனுப்பப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் யார்? மலைக்கு மேலே யாரும் கூண்டில் பிறப்பிக்காத, யாரும் பெயர் வைக்காத அசல் புலிகள் இருந்தன. அவற்றைச் சுருக்குக் கம்பியிலிருந்து காப்பாற்ற அந்தப் பணத்தில் நாலு ஆள் போட்டிருக்கலாம். அதில் அட்டைப்படம் கிடைக்காதே.

பதினைந்தாம் நாள் ஸ்ரீகுமார் விசாரணை அறிக்கையோடு வீட்டுக்கு வந்தார். 'ஊழியரின் கவனக்குறைவால் நேர்ந்த விபத்து' என்று இருந்தது. கீழே நான் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

"ஒரு சம்பிரதாயம்தாம்மா. நேசையாவ நாங்க மறக்க மாட்டோம்" என்றார்.

"அவர் கவனமா இல்லாம இருந்திருந்தா உங்க புலிக்கு இன்னிக்கு உயிர் இருக்காது, சார்."

"எல்லாம் சரிதான். ஆனா யாரும் அவர உள்ள போகச் சொல்லலயே?"

"பிரிச்சு விடச் சொன்னது யாரு?"

வீட்டுப்பாடம் திருத்தும் சிவப்புப் பேனாவை எடுத்தேன். 'கவனக்குறைவால்' என்பதை அடித்துவிட்டு மேலே எழுதினேன்: 'ஒரே இரத்தத்தில் ஐந்து வருஷமாகக் குட்டி ஈனவைத்ததாலும், இரண்டு நாள் இரை கொடுக்காததாலும், சொன்னதைக் கேட்காததாலும்.' அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். செத்த குட்டிகளை எழுதிவந்த நோட்டையும் ஸ்ரீகுமார் கேட்டார். இல்லை என்றேன். அது என் பள்ளி அலமாரியில் இருந்தது, இப்போதும் இருக்கிறது.

அடுத்த வாரம் புதிதாகத் தட்டச்சு செய்த தாள் தபாலில் வந்தது. அதே சொல். கையெழுத்து இல்லாமல் திருப்பி அனுப்பினேன். மூன்று வருஷத்தில் ஏழு கடிதம் எழுதிவிட்டேன். அந்தச் சொல் மாறவில்லை.

ஒண்ணரையை அவர்கள் சுடவில்லை. குட்டி தரும் ஆண் ஆயிற்றே. காயம் ஆறியதும் அதே பெண்ணோடு சேர்த்தார்கள். மறு வருஷம் மூன்று குட்டிகள் பிறந்ததாகவும் இரண்டுக்கு அண்ணம் பிளந்திருந்ததாகவும் கொம்பையா வந்து சொன்னான். நான் அதையும் நோட்டில் எழுதினேன். யாருக்காக இவர் செத்தார் என்று கோமு கேட்டாள்.

அந்தப் பிள்ளைகள் இப்போது எட்டாம் வகுப்பில் இருக்கிறார்கள். ஏன் சொன்னீர்கள் என்று ஒருவரையும் நான் கேட்டதில்லை. இனி கேட்கவும் மாட்டேன். இப்போது என் வகுப்பில் கண்ணைத் திறந்துகொண்டு ஜெபம் பண்ணச் சொல்லித் தருகிறேன்.

போன மாதம் நிலையத்தின் பின்பக்கமாகப் போனேன். கொம்பையா என்னோடு வந்தான். அவன் ஏறக்குறைய என் கணவர் உயரம், அதே நடை. கதவிலிருந்து நடந்து எண்ணச் சொன்னேன். கதவில் பழைய பூட்டுத்தான், துருவேறிக் கிடந்தது. முன்வாசல் பலகைக்குப் புதுப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். இந்த எட்டு வருஷத்தில் ஒரு புலிகூட இந்தக் கதவு வழியாக வெளியே போனதில்லை.

கொம்பையா முதல் மரத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தான். நானூற்றுப் பன்னிரண்டு எட்டுதான்.