பெரியம்மாள் பிடித்த கண்ணாடி

பொய் சொல்லச் சொன்னதுகூட முனாப்புக்குப் பெரிதாகப் படவில்லை. பஞ்சு மாற்றச் சொல்வதைப் போல அதைச் சொன்னதைத்தான் அவனால் பொறுக்க முடியவில்லை.

"காரிமங்கலத்து அம்மா வெளியில உக்காந்திருக்கு. மூணாம் பெட்ல சவுரியப்பன் கண்ணுல கட்டோட இருக்காரில்ல, அவரக் காட்டி, உம் மவன் கண்ண இவருக்குத்தான் வெச்சிருக்குன்னு சொல்லி அனுப்பிச்சிரு. அதுக்கும் ஒரு ஆறுதல்" என்றார் பெரிய டாக்டர். சொன்ன கையோடு அடுத்த நோயாளிக்கு மணியைத் தட்டினார்.

சவுரியப்பனுக்குக் கண்புரை எடுத்திருந்தது. செத்தவர் கண்ணுக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது.

தர்மபுரியில் இருந்த அந்தக் கண் ஆஸ்பத்திரியில் முனாப் எட்டு வருஷமாக வேலை பார்க்கிறான். சாவு வீட்டுக்குப் போய், ஆறு மணி நேரத்துக்குள் கண்ணை எடுத்து, சின்னச் சீசாவில் போட்டு, ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் வைத்துக்கொண்டு வருவது அவன் பொறுப்பு. மறுநாள் முடிவதற்குள் டாக்டர் அதை இன்னொருவருக்கு வைத்துவிட வேண்டும். எடுத்த இடத்தில் பஞ்சு வைத்து, இமையை மூடி, முகம் தூங்குகிற முகமாகும் வரை முனாப் எழுந்திருக்க மாட்டான். பிறகு வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு உட்காருவான். கை தட்டுக்குப் போகாது. அவன் மனைவி ஷரீபுன்னிசா ஒன்றும் கேட்காமல் சோற்றை மூடி வைப்பாள். 'இந்தக் கண்ணால் யாரோ பார்க்கப் போகிறார்கள்' என்று பத்துத் தடவை தனக்குள் சொல்லிக்கொண்ட பிறகுதான் அவனுக்குச் சாப்பாடு இறங்கும். எட்டு வருஷத்தை அந்த ஒரு பேச்சில்தான் ஓட்டியிருந்தான்.

பதினேழு நாளைக்கு முன்னால் காரிமங்கலத்துப் பக்கம் கிணற்றில் வெடி வைத்தபோது கல் தெறித்துப் பின்மண்டையில் அடித்து மாது என்ற பையன் செத்துப்போனான். பத்தொன்பது வயசு. ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியார் ஆளனுப்ப, முனாப் பஸ் பிடித்து ஓடினான். கண்ணில்லாமல் போனால் அடுத்த பிறவியில் குருடனாகப் பிறப்பான் என்று சித்தப்பன்காரன் குதித்தான். அம்மாக்காரி பெரியம்மாள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"நெசமாலுமே இன்னொருத்தரு பாப்பாங்களா, பாய்?"

"பாப்பாங்கம்மா. நான் சொல்றேன்."

கரண்ட் இல்லாத கூரை வீடு. உள்ளே பட்டப்பகலில் இருட்டு. டார்ச் வெளிச்சத்தில் கண்ணைத் தொட முடியுமா? பெரியம்மாள் மகன் தலை சீவுகிற கண்ணாடியை எடுத்துக்கொண்டு வாசலில் நின்று, வெயிலை வாங்கி உள்ளே விட்டாள். வேறு யாராவது பிடியுங்கள் என்று முனாப் கெஞ்சினான். இத்தனை நேரம் குதித்தவர்களில் ஒருத்தனும் கிட்டே வரவில்லை. முக்கால் மணி நேரம் அந்த வெளிச்சம் மாதுவின் முகத்தை விட்டு நகரவில்லை. அவள் பார்த்துக்கொண்டேதான் பிடித்தாள். பார்க்காமல் பிடித்தால் வெளிச்சம் தவறிவிடும்.

முனாப் திரும்பி வந்தபோது பெரிய டாக்டர் ஆஸ்பத்திரியில் இல்லை. கண் தானத்தின் மகிமையைப் பேச ஓசூருக்குப் போயிருந்தார். மாலை போட்டார்கள், விருந்து வைத்தார்கள், அப்படியே சிநேகிதர் வீட்டில் தங்கிவிட்டார். சேலத்துக்கு இரண்டு மணி நேர பஸ்தான். அங்கே கண் வைக்கிற டாக்டர் இருந்தார். ஆனால் பெரிய டாக்டர் கையெழுத்தில்லாமல் எடுத்த கண் எதுவும் வாசலைத் தாண்டக் கூடாது என்பது ஆஸ்பத்திரி விதி. முனாப் அந்த விதியைக் கட்டிக்கொண்டு இரண்டு நாள் ஐஸ் மாற்றினான். மூன்றாம் நாள் வந்தவர் சீசாவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"மங்கிப்போச்சு. குழியில போட்ரு."

முனாப் போடவில்லை. கெடாமலிருக்க மருந்துத் தண்ணீர் ஊற்றி, இரண்டு சீசாவையும் ஸ்டோர் அலமாரியில் பஞ்சுக் கட்டுக்குப் பின்னால் வைத்தான். அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. தனக்குள் சொல்லிக்கொள்ளப் பேச்சு இல்லை. டாக்டர் மேல் இருந்த ஆத்திரத்தைவிடத் தன் மேல் இருந்த ஆத்திரம் ஒரு படி கூட. சேலம் பஸ் அந்த ஆஸ்பத்திரி வாசல் வழியாகத்தான் போகும். இரண்டு நாளும் உட்கார்ந்து அதை எண்ணிக்கொண்டிருந்தவன்தானே அவன்.

பெரியம்மாள் வெளியே மடியில் மஞ்சள் பையோடு உட்கார்ந்திருந்தாள்.

"நேத்து கருமாதி முடிஞ்சுதுங்க, பாய். படையல்ல வெச்ச புது வேட்டிய யாருக்காச்சும் கட்டக் குடுக்கணுமில்ல. சித்தப்பங்காரன் கேட்டான். நான் குடுக்கல. எம்மவன் கண்ணு யாருகிட்ட இருக்குதோ அவங்கதான் கட்டணும்னு எடுத்தாந்துட்டேன்."

முனாப் அவளை மூன்றாம் கட்டிலுக்கு நடத்திப்போனான். நடந்தது என்னவோ அவன் கால்தான். அவள் கட்டிலோரம் நின்று சவுரியப்பனின் கண் கட்டையே பார்த்தாள்.

"வலிக்குதுங்களா?"

"இப்பப் பரவால்லீங்க. யாருங்க?"

அவள் முகம் லேசாக மலர்ந்தது. பைக்குள் கையை விட்டாள். வேட்டியின் கரை வெளியே தெரிந்தது. இன்னும் ஒரு நொடி பொறுத்தால் காரியம் முடிந்துவிடும், எல்லோருக்கும் நிம்மதி. அந்த நிம்மதியை நினைத்ததும் முனாப் குறுக்கே கை நீட்டினான்.

"இவரு இல்லீங்கம்மா" என்றான். "வாங்க."

டாக்டர் அறை வாசலில் பெஞ்சு நிறைய ஆட்கள். அவர்களைத் தாண்டி அவளை உள்ளே கூட்டிப்போய் மேசைக்கு முன்னால் நிறுத்தினான்.

"சார், நீங்களே சொல்லுங்க."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "டெக்னிக்கலா சில சமயம்மா..." என்று இழுத்தார்.

"யாருக்கும் வெக்கலீங்கம்மா" என்றான் முனாப். "இவரு ஓசூர் போயிட்டாரு. நான் கையெழுத்துக்குக் காத்துக்கிட்டு உக்காந்துட்டேன். ரெண்டு நாள்ல கெட்டுப்போச்சு."

பெரியம்மாள் அழவில்லை. முனாப் பக்கம் திரும்பினாள்.

"அன்னிக்கு நான் கண்ணாடி புடிச்சனே, கை ஆடுச்சா?"

"இல்லீங்க."

"ஒருவாட்டியாச்சும் ஆடுச்சா?"

"ஆடவே இல்லீங்கம்மா."

அவள் டாக்டரைப் பார்த்தாள். "கேட்டுக்கங்க" என்றாள். திறந்திருந்த கதவு வழியாக வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள்.

பிறகு முனாப்பிடம், "எங்க வெச்சிருக்கீங்களோ, குடுங்க. அவனோட சேத்துப் பொதைக்கறேன்" என்றாள்.

"குழியில போட்டாச்சுன்னு ரிஜிஸ்டர்ல இருக்கு" என்றார் டாக்டர். முனாப்பின் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது. "முனாப், என் கையெழுத்தில்லாம இங்கிருந்து ஒண்ணும் வெளிய போகக் கூடாது. போனா நீ திரும்பி வர வேண்டாம்."

"அன்னிக்கே போயிருக்கணும், சார்."

ஸ்டோருக்குப் போனான். பஞ்சுக் கட்டைத் தள்ளி இரண்டு சீசாவையும் எடுத்து வந்தான். பெரியம்மாள் புது வேட்டியை விரித்து, அவற்றை நடுவில் வைத்துச் சுற்றினாள். வாசலில் வாட்ச்மேன் சீட்டு எங்கே என்று கேட்டான். முனாப் அவனைத் தாண்டி நடந்தான்.

காரிமங்கலம் பஸ்ஸில் அவளுக்கு உட்கார இடம் கிடைத்தது. மூட்டையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். பஸ் ஊரைத் தாண்டியதும் அந்தக் கைகள் நடுங்க ஆரம்பித்தன. சீசாக்கள் ஒன்றோடொன்று இடிக்கிற சத்தம் பக்கத்தில் நின்ற முனாப்புக்குக் கேட்டது.

"குடுங்கம்மா, நான் புடிச்சுக்கறேன்" என்றான்.

அவள் கொடுக்கவில்லை.